மதகு எங்கே வரணும்

நொச்சியாற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் உலகம்மை. துறவிதான், ஆனால் யாரும் அவரைச் சாமி என்று கூப்பிட்டதில்லை. அம்மை என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவரிடம் நயினார் என்று ஒரு சீடர். நாற்பதைத் தாண்டியவர். நிலம் அளப்பதிலும் படம் வரைவதிலும் கெட்டிக்காரர்.

அந்த வருஷம் ஆற்றில் புது மதகு கட்ட வேண்டியிருந்தது. மேலே மேலக்கரை, கீழே தாழையூர். இரண்டு ஊருக்கும் அந்த ஒரு மதகிலிருந்துதான் தண்ணீர் பிரியும். தாழையூர் கடைமடை. போன வருஷமே அங்கே நாற்று கருகிவிட்டது. ஆடியில் புதுத் தண்ணீர் வருவதற்குள் மதகு எழும்பாவிட்டால், மிச்சமிருக்கிற விதைநெல்லையும் குத்தித் தின்ன வேண்டியதுதான். மதகை எங்கே வைப்பது என்று இரண்டு ஊரையும் கேட்டு முடிவு செய்யும் வேலையை அம்மை நயினாரிடம் விட்டார்.

நயினார் மனசாரச் செய்தார். இரண்டு ஊரையும் மடத்துக்கு வரச் சொன்னார். வெயிலில் நடந்து வந்தவர்களாயிற்றே என்று முதலில் பந்தி போட்டார். பருப்பு, அவியல், சிறுபயறுப் பாயசம். சாப்பிட்டு முடிந்ததும் தான் வரைந்த படத்தை விரித்தார். ஆலமரத்து வளைவில் மதகை வைக்கலாம் என்று சொல்லி, யாருக்காவது வேறு எண்ணம் உண்டா என்று கேட்டார்.

"சரி சாமி" என்றது கூட்டம், ஒரே குரலில்.

வேலை தொடங்கிய காலையில் தாழையூர்க்காரர்கள் வந்து, தோண்டிய குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார்கள். இந்த வளைவில் மதகு வந்தால் எங்கள் ஊருக்கு மணல்தான் வரும், தண்ணீர் வராது என்றார்கள். நயினாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த பேராச்சி என்கிற பெண், முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"பாயசம் நல்லா இருந்துச்சு, சாமி."

நயினார் மடத்துக்குத் திரும்பி வந்து நடந்ததை அப்படியே சொன்னார். அவள் கேலி செய்கிறாளா, வேறு எதையாவது சொல்ல வருகிறாளா, ஒன்றும் தெரியவில்லை என்றார்.

"ஊரைக் கேட்டுத்தானே செஞ்சேன், அம்மை. கேட்டது தப்பா?"

அம்மை எழுந்தார். அடுப்படிக்குப் போய் ஒரு கும்பா நிறையக் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். நயினார் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே இருந்தார்.

"கஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு, அம்மை."

"உப்புப் போடலையே."

நயினார் காலிக் கும்பாவைப் பார்த்தார். உப்பில்லை என்று முதல் வாயிலேயே தெரிந்ததுதான். அம்மை கையால் தந்ததைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை.

மறுநாள் படத்தை மடத்திலேயே சுருட்டி வைத்துவிட்டுக் கிளம்பினார். இந்தத் தடவை பந்தி இல்லை. காய்ந்த ஆற்று மணலில் இரண்டு ஊரையும் கூட்டி, ஒரு முளைக்குச்சியை அவர்கள் கையில் கொடுத்தார். மதகு எங்கே வரணுமோ அங்கே அடியுங்கள் என்றார்.

பொழுது சாய்வதற்குள் வேர்க்க விறுவிறுக்க மடத்துக்கு வந்து நின்றார். எல்லாம் கெட்டுப்போயிற்று என்றார். முதலில் அவரைத்தான் பிடித்துக்கொண்டார்களாம். சாமிக்குத் திருநீறு பூசத் தெரியும், ஆற்று மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று மேலக்கரைக் கொம்பையா கேட்டாராம். பிறகு ஒருவரை ஒருவர். தாழையூர்க்காரனுக்குத் தண்ணீரைக் கொடுத்தால் நாற்றை விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போவான் என்றாராம் கொம்பையா. மேலக்கரைக்கு வயலுக்குப் பாய்வது போதாது, எருமை குளிக்கவும் தனியாக ஒரு ஆறு வேணும் என்றாளாம் பேராச்சி. ஒருத்தர் அடித்த முளையை இன்னொருத்தர் பிடுங்குகிறாராம்.

"அன்னைக்கு எல்லாரும் ஒரே பேச்சு. அது பொய்யாப் போச்சு. இன்னைக்கு ஆளுக்கொரு பேச்சு. இதை வச்சு நான் எங்கன மதகு கட்ட? ஆடி வந்துரும், அம்மை."

அம்மை முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தார்.

"பிடுங்கின முளைய என்ன செய்யுதாங்க?"

"வேற இடத்துல அடிக்காங்க."

"ரொம்பத் தள்ளியா?"

நயினார் யோசித்தார். "மொதல்ல அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு கூப்பிடு தூரத்துல அடிச்சாங்க. நான் கிளம்புறப்போ..." இரண்டு கையையும் விரித்தார். பிறகு கொஞ்சம் குறுக்கினார். "முழம், ரெண்டு முழத்துக்குத்தான் சண்டை."

"நீ ஏன் வந்துட்ட?"

"யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல, அம்மை. நான் நிக்கேனா போயிட்டேனான்னே அவங்களுக்குத் தெரியாது. அங்க எனக்கு என்ன வேலை?"

அம்மை கீரைக் காம்புகளை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"அத்தனை பேரு அடிச்சுப் பிடுங்கினா அந்த முளை உடைஞ்சிரும். நீ நாலு குச்சி சீவி வச்சுக்கிட்டு ஓரமா நில்லு."