பாறையில் ஓடிய அலை

வறண்டு கிடந்த காட்டாற்றின் நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட இடம் தேடிக்கொண்டிருந்தது. போன வருடம் இட்ட நான்கு முட்டைகளையும் நரி தின்றுவிட்டது. இந்த முறை ஒரு குஞ்சாவது பிழைக்க வேண்டும் என்று அது ஏங்கியது. கூழாங்கற்களுக்கு நடுவே இட்டால் எது கல், எது முட்டை என்று யாருக்கும் தெரியாது. மணலை நெஞ்சால் அழுத்திக் குழி செய்யத் தொடங்கியது.

கரையோர மணற்பாறையிலிருந்து ஓர் உடும்பு தலையை நீட்டியது.

"அங்கே இடாதே! தண்ணீர் வரும்! கரை மேட்டில் போய் இடு!"

குருவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடும்பு முட்டை தின்பது காட்டுக்கே தெரியும்.

"தண்ணீரா! நான் பிறந்ததிலிருந்து இங்கே ஒரு சொட்டு ஓடவில்லையே!"

"நானும் பார்த்ததில்லை. ஆனால் தினமும் இந்தப் பாறையைப் பிடித்துத்தான் ஏறி இறங்குகிறேன். சாய்வாகக் கிடக்கும் அடுக்கெல்லாம் காற்று கொட்டிய மணல். மட்டமாக இருப்பது தண்ணீர் படிய வைத்தது. அலை ஓடிய வரிகூட அப்படியே இருக்கிறது, உன் தலையைவிட உயரத்தில்! இரண்டும் மாறி மாறி வந்திருக்கின்றன. இப்போது நடப்பது காற்றின் முறை. வந்து பார்!"

"வருவேன், வருவேன்! மேட்டில் உன் வளைக்குப் பக்கத்தில் முட்டையிட்டால் உனக்கு வசதிதானே!"

"மேடு பெரியது. என் கண்ணில் படாத இடமாகப் பார்த்து இடு."

அருகில் நின்ற அதன் துணையான ஆண் குருவி தயங்கியது. "நாலு எட்டு வைத்தால் பாறை. அந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு வருவோமே!"

"திருடன் காட்டும் பாறையை நான் ஏன் பார்க்க வேண்டும்?" என்று பெண் குருவி பிடிவாதமாகச் சொல்லிவிட்டது.

நான்கு முட்டைகள் இட்டது. வெயிலிலும் எழுந்திருக்காமல் அடைகாத்தது. இருபத்தாறாம் நாள் ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. குருவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்று மாலை தொலைவில் மலைப்பக்கம் இடி இடித்தது. ஆற்றில் ஒரு தூறல்கூட இல்லை. ஆனாலும் செந்நீர் புரண்டு வந்தது. குருவி இறக்கையை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டது. தண்ணீர் கழுத்தளவு வரும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு அலறிக்கொண்டே பறந்தது.

வெள்ளம் வடிந்ததும் வந்து பார்த்தது. கூழாங்கற்கள் இல்லை, முட்டைகளும் இல்லை. புது மணல் மட்டமாகப் படிந்திருந்தது. அதன்மேல் அலை அலையாக வரி ஓடியது. அப்போதுதான் குருவி பாறையருகே போய் நிமிர்ந்து பார்த்தது. அதே வரி அங்கே கல்லாக இருந்தது. குருவி கதறி அழுதது.

சொல்கிறவன்மேல் நம்பிக்கை இல்லாவிட்டாலும், அவன் காட்டுவதை நம் கண்ணால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும்.