மரயானைக்குப் பதில்

பிள்ளைகளே, கேளுங்கள், பிள்ளை பெற்றவர்களே, இந்தக் கதை உங்களுக்குத்தான், நழுவாமல் உட்காருங்கள்.

கப்பலில் மிளகு போய்ப் பொன் வந்த காலத்தில், ஒரு கடற்கரைப் பட்டணத்தில் சாத்தப்பன் என்றொரு பலசரக்கு வியாபாரி இருந்தார். பெரிய கடை, பெரிய தொந்தி, பெரிய மனசு. ஆனால் ‘இல்லை’ என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. அதைச் சொன்னால் லட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று நம்பினார். மிளகு தீர்ந்துபோனால், “நிறைய வருது, அதுவரைக்கும் சீரகம் கொண்டு போங்க” என்பார். வந்தவர்களும் விஷயம் புரிந்து சிரித்துக்கொண்டே போவார்கள்.

அவர் மகள் சிகப்பியிடம் ஒரு மரப்பாகன் இருந்தான். காலை அகட்டி உட்கார்ந்த பொம்மை, யானைதான் கிடையாது. தேர்த்திருவிழா முடிவில் தெருப் பிள்ளைகள் பொம்மை ஊர்வலம் விடுவார்கள். “அப்பச்சி, பாகனுக்கு ஒரு மரயானை வாங்கிட்டு வாங்க. அவனும் ஊர்வலம் போகணும்” என்றாள்.

சாத்தப்பனும் மனைவி உமையாளும் திருவிழாக் கடைக்குப் போனார்கள். பொம்மை செய்யும் தச்சரோ யானைகளையெல்லாம் விற்றுவிட்டுத் தன் ஊருக்கே கிளம்பிவிட்டார். இனி அடுத்த திருவிழாவுக்குத்தான் வருவார். பெற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பட்டுப்பாவாடை வாங்கினார்கள்.

“யானை வருது ஆத்தா, அதுவரைக்கும் இது” என்றார் சாத்தப்பன். சிகப்பி பாவாடையை மடித்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

மறுநாள் வெள்ளிச் சொப்பு வந்தது. “யானை வருது ஆத்தா, அதுவரைக்கும் இது.” சிகப்பி சொப்புப் பானையின் மேல் பாகனை உட்காரவைத்தாள். அவன் குப்புற விழுந்தான். மறுபடியும் வாசலைப் பார்த்தாள்.

அதற்கும் மறுநாள் உயிருள்ள கிளியே வந்தது. அவர் சொன்னதை அது சட்டென்று பிடித்துக்கொண்டு, “யானை வருது, யானை வருது” என்று வீட்டை இரண்டாக்கியது. உமையாள் தலையில் அடித்துக்கொண்டாள். “உங்களுக்கு வாய் வரலேன்னா நான் சொல்லிடட்டுமா?”

“நல்ல நாளும் அதுவுமா அந்தச் சொல்லா?” என்று பதறினார் சாத்தப்பன்.

ஊர்வல நாள் வந்தது. பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். “வாடி சிகப்பி!”

“எங்க அப்பச்சி யானை வரும்னு சொல்லியிருக்காங்க. வந்ததும் வர்றேன்.”

மேளச் சத்தம் தெருக்கோடிக்குப் போய்விட்டது. அவள் பாகனை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். சாத்தப்பன் வாசலுக்கு வந்து அவளைப் பார்த்தார். கடைக்கு வருகிறவர்கள் புரிந்துகொண்டு சிரிப்பார்கள். இவளோ நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“ஆத்தா,” என்றார். “யானை இல்லை. முதல் நாளே இல்லை. அப்பச்சிதான் சொல்லலை.”

சிகப்பி ஓவென்று அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “முன்னமே சொல்லியிருந்தா நான் வேற யானை பார்த்திருப்பேன்ல?” என்றவள், அவர் தொந்தியை மேலும் கீழும் பார்த்தாள். “குனிங்க அப்பச்சி.”

பட்டணத்துப் பெரிய வியாபாரி, பிடரியில் மரப்பாகனும் முதுகில் அவனைப் பிடித்துக்கொண்ட மகளுமாக, குனிந்தபடியே ஊர்வலத்தைப் பிடிக்க ஓடினார். வழியில் ஒருவர் வாயைப் பிளந்து, “செட்டியாரே, கடையில மிளகு இருக்கா?” என்றார்.

“இல்லை!” என்று பிளிறியது யானை.

ஆதலால் பெற்றவர்களே, கேட்டது கிடைக்காதபோது, இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு வேறொன்றைக் கொடுப்பதுதான் பிள்ளைக்குப் பரிசு.