பிரேக் இல்லாத பலகை

ஸ்கேட்போர்டு என்கிற சக்கரச் சறுக்குப் பலகை ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஷெரினுக்கு வயது இருபத்தாறு. அவளிடம் சீடராகச் சேர வந்த தவசிமணிக்கு ஐம்பத்து நாலு. கடற்கரை ஓரத்து சிமென்ட் பள்ளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே. வெட்கப்படுகிற நிலையிலா இருந்தார் அந்த மனுஷர்?

"என்ன கத்துக்கணும் அண்ணாச்சி?"

"நிறுத்தக் கத்துக்கணும், மாஸ்டர்."

அவள் தன் பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பிரேக் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"பிரேக் கிடையாது."

தவசிமணி இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சைக்கூட ஏற்றியதில்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவர். நாலு மாசத்துக்கு முன்னால், கோயில் தெரு இறக்கத்தில் பலகையில் பாய்ந்து வந்த நிக்சன் என்கிற பத்தொன்பது வயதுப் பையன் அவர் பஸ்ஸுக்கு முன்னால் விழுந்தான். அவர் மிதித்த மிதியில் ரோட்டில் முப்பதடி நீளத்துக்கு டயர் கோடு விழுந்தது. இருந்தும் பையன் பிழைக்கவில்லை.

டிரைவர் மேல் தப்பில்லை என்று போலீஸ் சொன்னது. முதலாளி சொன்னார். பெண்டாட்டியும் சொன்னாள். சொல்லிவிட்டால் ஆச்சா? அன்றிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அவருக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். அந்தப் பையன் நினைத்திருந்தால் பலகையை நிறுத்தியிருக்க முடியுமா? முடியும் என்றால் ஒரு வாய்ச் சோறாவது இறங்கும்.

நிக்சன் பலகை பழகியது ஷெரினிடம்தான் என்று விசாரித்துத்தான் வந்திருந்தார். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

"உங்க முழங்காலுக்குப் பலகை ஆகாது" என்றாள் ஷெரின். பைக்குள் கைவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு வீடியோ கேம் பெட்டியை எடுத்தாள். "முதல்ல இதுல விழுந்து பழகுங்க."

சின்னத் திரையில் ஒரு இறக்கம். தொப்பி போட்ட பொம்மைப் பையன் பலகையில் ஏறி வேகமாக வந்தான். கீழே சுவர். நிறுத்த வேண்டுமென்றால், சரியான நேரத்தில் ஒரு பட்டனை அழுத்திப் பலகையின் வாலைத் தரையில் உரச வைக்க வேண்டும். முந்தினால் பையன் தூக்கி எறியப்படுவான். பிந்தினால் சுவர்.

தவசிமணியின் கட்டைவிரல் சும்மா இருந்தது. வலது கால்தான் தரையை ஓங்கி மிதித்தது. பொம்மை சுவரில் மோதி விழுந்தது.

"கால் இல்லை அண்ணாச்சி, விரல்."

"பழக்கம், மாஸ்டர்" என்று சொன்னவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். ஷெரின் அவருடைய வலது காலைப் பார்த்துவிட்டு, ஆட்டத்தை மறுபடி ஆரம்பித்துக் கொடுத்தாள்.

தினமும் மத்தியானம் வந்தார். பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, பெட்டிக்குள் அந்த ஒரே இறக்கத்தில் இறங்கினார், விழுந்தார். ஒவ்வொரு முறையும் பொம்மை எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டு, மேலே போய் நின்றது. ஒருநாள் அவரால் தாங்க முடியவில்லை. பெட்டியை மடியில் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

"எந்திரிச்சுர்றான் மாஸ்டர். ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுர்றான்."

"அது கேம், அண்ணாச்சி."

"அதான் பாக்க முடியல."

அவள் பெட்டியை எடுத்துத் துடைத்து மறுபடி அவர் கையில் வைத்தாள்.

நாற்பத்தோராம் நாள் பலகை நின்றது. சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது அப்படியே நின்றது. தவசிமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தைச் சுற்றி ஓடினார். அந்த முழங்காலோடுதான்.

"நின்னுட்டான் மாஸ்டர்! நிறுத்த முடியுது! அப்போ யாரா இருந்தாலும் நிறுத்தியிருக்கலாம், இல்ல?"

ஷெரின் திரையைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை இறங்கினீங்க?"

"ஐயோ, அதுக்கு ஏது எண்ணிக்கை! ஆயிரம் இருக்கும்."

"நிக்சன் அந்தத் தெருவுல ஒரு தடவைதான் இறங்கினான்."

அந்தப் பெயரைத் தவசிமணி அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படியே சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார். கிடைத்த ஒரு பிடியும் நழுவிப்போனது. இனி எதைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்வது?

"அப்போ என் மேலதான் தப்பு" என்றார்.

"அவன் விழுந்தப்போ பிரேக் மிதிக்க உங்களுக்கு எத்தனை தடவை கிடைச்சுது?"

அவர் தன் வலது காலைப் பார்த்தார்.

"ஒரு தடவை" என்றார். "நான் யாருன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. பிரேக் மாதிரி தரையை மிதிச்சீங்களே. நிறுத்தக் கத்துக்க வர்ற டிரைவர் வேற யாரு?"

"தெரிஞ்சுமா சொல்லிக் கொடுத்தீங்க? என்னைத் துரத்தியிருக்க வேண்டாமா?"

பள்ளத்தில் ஒரு பிள்ளை விளிம்பைத் தாண்டி எம்பிக் குதித்தது. மற்றவை கைதட்டின. ஷெரின் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இங்க வர்ற எல்லாரும் பறக்கணும்னுதான் கேப்பாங்க. நிறுத்தணும்னு கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். "நிக்சனும் பறக்கத்தான் கேட்டான், அண்ணாச்சி. அவன் கேட்டதை மட்டும்தான் நான் சொல்லிக் கொடுத்தேன்."