தேதி விழாத புத்தகம்

அதிகாரியிடம் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், சங்கரவடிவு பேச வேண்டியதை விடிந்ததிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நகர நூலகத்தில் பதினாறு வருஷமாகக் கூட்டித் துடைக்கிறவள். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. அதற்குமேல் எழுத்துக் கூட்டாமல் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் நூலகர் கமருன்னிசா. அவளைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவளுக்கு டீச்சர்தான்.

பிரச்சினை ஒரு புத்தகம். அந்த நகரத்துத் தெருக்களின் பழைய வரலாறு. தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே செக்கடித் தெருவில் நாற்பது வீடு இருந்தது என்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறது. அந்தத் தெருவைத்தான் இப்போது ஆக்கிரமிப்பு என்று சொல்லி, காலி செய்ய நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சங்கரவடிவின் வீடும் அங்கேதான். அடுத்த வாரம் விசாரணை. நகல் செல்லாது, புத்தகமே வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் புத்தகம் கழிவுப் பட்டியலில் ஏறியிருந்தது. அன்று பகலில் நூலகத் துறை அதிகாரி வந்து பழைய பேப்பர் மூட்டையோடு அதையும் அள்ளிப்போவார்.

“யாரும் படிக்கலையாம், டீச்சர்! பின்னட்டைச் சீட்டுல இரவல் கொடுத்த தேதி ஒண்ணுகூட இல்லையாம்! வெளியே கொடுக்கக் கூடாதுன்னு முத்திரை குத்தினது யாரு? இவங்கதானே? வெளியே போகாத புத்தகத்துக்கு எப்படித் தேதி விழும்?”

“நானும் இதைத்தான் மூணு தடவை எழுதி அனுப்பினேன், அக்கா.”

“என்ன சொன்னாங்க?”

“நூலகருக்கு எல்லாப் புத்தகமும் தான் பெத்த பிள்ளை மாதிரின்னு.”

“வயிறு எரியுது. இங்கேயே உக்காந்து எத்தனை பேர் படிச்சாங்க! அதை எப்படிக் காட்டுறது?”

கமருன்னிசா அலமாரிக்குப் போனார். சீட்டு முழுக்கத் தேதி விழுந்த தடித்த நாவல் ஒன்றை எடுத்தார். முதுகு மேசையில் பட நிறுத்திக் கையை விட்டார். அதிகம் பிரித்த பக்கத்தில் புத்தகம் தானே விரியும்; அது ஒன்பதாம் பக்கத்தில் விரிந்தது. ஊர் வரலாற்றையும் அப்படியே நிறுத்திக் கையை விட்டார். நூற்றுப் பன்னிரண்டு. பக்கத்தின் ஓரமெல்லாம் விரல் பட்டுக் கறுத்திருந்தது.

“அடப் பாவமே! அத்தனை பேரும் ஒன்பது பக்கத்தோட திருப்பிக் கொடுத்துட்டாங்களா?” சங்கரவடிவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது.

அதிகாரி பன்னிரண்டு மணிக்கு வந்தார். கமருன்னிசா அவர் முன்னாலும் புத்தகத்தை நிறுத்திக் கையை விட்டார்.

“இதென்ன கிளி ஜோசியமா, மேடம்? பேரும் தேதியும் எழுத்துல இருந்தா காட்டுங்க.” பிறகு சங்கரவடிவின் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா முறைக்கிறே? போய் ஒரு சாக்கு எடுத்துட்டு வா.”

காலையிலிருந்து ஒத்திகை பார்த்த ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. காதுமடல் சுட்டது. ஒரு வார்த்தை பிசகினால் வேலையும் போகும், வீடும் போகும். அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வாசல் பக்கம் பார்த்தார்.

சங்கரவடிவு வாசலுக்குப் போனாள். சாக்கு எடுக்கவில்லை. வாசகர்கள் கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேடு அங்கே இருந்தது. அந்த மேசையைத் தினமும் துடைத்திருக்கிறாள். அதில் ஒருநாளும் எழுதியதில்லை. பெயர், செக்கடித் தெரு, தேதி, நேரம், அதில் அதுவரை யாரும் எழுதாத புத்தகப் பெயர் எல்லாம் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். திரும்பி வந்தாள். துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மேசைமேல் இருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வாசகர் நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். விரல் வரிமேல் நகர்ந்தது. தலை நிமிரவில்லை.

“ஏய்! என்ன திமிர் இது? புத்தகத்தைக் கொடு!”

கமருன்னிசா பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்து வைத்தார்.

“பேரும் தேதியும் எழுத்துல இருக்கு, சார். மெதுவாப் பேசுங்க. படிக்கிறாங்க.”