மூன்று சுவர் பேய்வீடு

கொக்கரைக்குளத்துக்காரர்களுக்கு மூளை அதிகம் என்று நாங்களேதான் சொல்லிக்கொள்வோம். வெளியூர்க்காரர்கள் யாரும் சொல்ல முன்வராததால் அந்த வேலையும் எங்கள் தலையிலேயே விழுந்துவிட்டது.

அப்பேர்ப்பட்ட ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஒரு பேய்ப்படம் எடுக்க வந்தார்கள். ஆளரவமில்லாத காட்டில் ஒரு பாழடைந்த பங்களா. உள்ளே போகிறவர்கள் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கதை அவ்வளவுதான். பங்களாவுக்காக பிளைவுட்டில் செட் போட்டார்கள். செட்டுக்கு மூன்று சுவர். நாலாவது பக்கம் கேமரா நிற்க வேண்டுமென்று திறந்தே கிடந்தது. சாவதற்கு ஆள் வேண்டுமே என்று எங்கள் ஊரிலிருந்து நாலு பேரைக் கூட்டிப் போனார்கள்.

நாலு பேருக்கும் தலைவன் ஆவுடையப்பன். மாட்டிக்கொண்டு சாகிற படம் எது வந்தாலும் விடமாட்டான். முதலில் சாகப்போவது யார் என்று இடைவேளைக்கு முன்பே சொல்லிவிடுவான். தனக்கு எப்போது கல்யாணம் என்பதைத்தான் அவனால் சொல்ல முடியவில்லை. நாற்பதை நெருங்கிவிட்டான். சுற்றுவட்டாரத்தில் பெண் வைத்திருந்த அத்தனை பேரும் கையை விரித்தாகிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வீட்டார் மட்டும் அன்று மத்தியானம் மாப்பிள்ளை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் அவன் கதி அதோகதிதான். காலையில் போய்ச் செத்துவிட்டு மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கிளம்பினான்.

டைரக்டர் நாலு பேரையும் உள்ளே விட்டுக் கதவை வெளியே பூட்டினார்.

"இந்தக் கதவைத் தவிர வேற வழியே கிடையாது. நான் வந்து திறக்கிற வரைக்கும் நீங்க மாட்டிக்கிட்டீங்க. புரியுதா?"

நாலு தலையும் ஆடின. அவர்களில் சொரிமுத்துவிடம் மட்டும் தனியாக, "நீ பேயைப் பார்த்துட்ட. வாயைப் பிளந்தபடியே நில்லு. நான் சொல்லாம மூடக் கூடாது" என்றார்.

அந்த நேரம் பார்த்து மேகம் கவிந்து வெளிச்சம் போய்விட்டது. அருவிப் பக்கம் நல்ல வெயில் என்று யாரோ சொன்னார்கள். கேமராவை வேனில் ஏற்றிக்கொண்டு மொத்தப் பேரும் அங்கே பறந்துவிட்டார்கள். உள்ளே நாலு பேர் இருப்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பாவம் நாலு பேரும் பொறுமையாகத்தான் காத்திருந்தார்கள். உச்சிப்பொழுது சாயத் தொடங்கியதும் ஆவுடையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

"மாட்டிக்கிட்டோம்லே. பொண்ணு வீட்டுக்காரங்க வந்துருவாங்க. நான் போய்ச் சேரலேன்னா இந்தச் சென்மத்துல எனக்குக் கல்யாணமே கிடையாது."

பூதத்தான் கதவை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. பிறகு திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தான். அங்கே புல்தரை, அதைத் தாண்டி ரோடு. ரோட்டில் ஒரு பஸ்கூடப் போனது.

"அண்ணே, இந்தப் பக்கம் சுவரே இல்லையே. இப்படிப் போனா என்ன?"

ஆவுடையப்பன் அவனை இரக்கத்தோடு பார்த்தான்.

"எத்தனை படம் பார்த்திருக்கோம்லே! கதவைத் தட்டுதான், ஜன்னலை உடைக்கான், கூரையைப் பிரிக்கான். நாம உக்காந்து பார்க்கிற பக்கம் பூரா திறந்துதான கெடக்கு? ஒருத்தனாவது நம்ம பக்கமா வந்து தப்பிச்சிருக்கானா?"

பூதத்தான் நன்றாக யோசித்தான். "இல்லண்ணே. அவ்வளவு பேரும் உள்ளேயேதான் செத்தாங்க."

"வழி இருந்தா வந்திருக்க மாட்டானா?"

சொரிமுத்துவின் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். அவன் வாயைப் பிளந்தபடியே நின்றான். மறுப்பில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

நாலாமவன் உச்சிமாகாளிக்கு யோசிக்கிற பழக்கம் இல்லை. "நான் கதவை இடிக்கேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு ஓடினான். குறி தவறிப் பக்கத்துச் சுவரில் மோதினான். பிளைவுட் பொத்துக்கொண்டு தலை மட்டும் வெளியே போய்விட்டது.

"நான் தப்பிச்சிட்டேன்!" என்று வெளியிலிருந்து கத்தினான். "இங்கன காத்து நல்லா வருது!"

ஆவுடையப்பன் பதறிவிட்டான். "கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு போறவன்தான் முதல்ல சாவான். தலை தனியாப் போகுது, இழுங்கலே!"

காலைப் பிடித்து இழுத்து ஒருவழியாக அவனைச் சாவிலிருந்து காப்பாற்றினார்கள். ஓட்டை வழியாகப் பேய் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று அவனுடைய துண்டையே சுருட்டி அதை இறுக்கி அடைத்தார்கள். இனி பயமில்லை என்று சற்று ஆசுவாசமாக இருந்தது.

அப்போது ரோட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பெண்ணின் அப்பா திருமலையாண்டியும் பெண் வடிவும் இறங்கினார்கள். மாப்பிள்ளை ஷூட்டிங்கில் இருப்பதாக வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"மாமா, உள்ள வராதீங்க! மாட்டிக்குவீங்க!" என்று ஆவுடையப்பன் கத்தினான்.

"என்ன மாப்ளே சொல்லுதீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருவரும் புல்தரையைத் தாண்டி நேராக உள்ளே வந்துவிட்டார்கள்.

ஆவுடையப்பன் நிலைமையை எடுத்துச் சொன்னான். திருமலையாண்டி கதவை இழுத்துப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். வடிவு நாலு பக்கமும் பார்த்தாள்.

"ஏம்ப்பா, நாம வந்த பக்கமாவே போயிட்டா என்ன?"

ஆவுடையப்பன் தலையில் கைவைத்துக்கொண்டான். இவ்வளவு அறிவுள்ள பெண் தன்னைக் கட்டிக்கொள்ள மாட்டாள் என்பது அவனுக்கே தெரிந்தது.

"அது உள்ள வர்ற வழியாச்சேம்மா?" என்றார் திருமலையாண்டி.

வடிவு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆமால்லா! நான் ஒரு கோட்டிக்காரி."

ஆவுடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு" என்றாள் வடிவு. "முன்னால வந்த மாப்பிள்ளை எல்லாம் ஊர் சுத்துற ஆளுங்க. இவரு வெளிய எங்கயும் போகமாட்டாரு."

ஆவுடையப்பன் சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதான். பூதத்தானும் உச்சிமாகாளியும் கூடச் சேர்ந்து அழுதார்கள். சொரிமுத்து வாயைப் பிளந்தபடியே அழுதான்.

"பிறகென்ன, இங்கனயே தட்டு மாத்திருவோம்" என்றார் திருமலையாண்டி. "தட்டு ஆட்டோவுல இருக்கு. இருங்க, எடுத்துட்டு வாரேன்."

புல்தரையைத் தாண்டி ரோட்டுக்குப் போய், வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

"கிளம்பலாமா அண்ணாச்சி?" என்று கேட்டான் ஆட்டோக்காரன்.

"எங்கப்பா கிளம்ப? நாங்கதான் உள்ள மாட்டிக்கிட்டுக் கெடக்கோமே!" என்று சொல்லிவிட்டுத் திருமலையாண்டி அவசர அவசரமாக உள்ளே ஓடினார்.