களைக்குக் காவல்

காட்டின் நடுவே இருந்த குட்டையை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. தண்ணீர் இருக்கிற இடமே தெரியவில்லை. பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடந்தது.

செடிகளின் இடுக்கில் ஒரு கெண்டை மீன் வாயை நீட்டியது. "யாராவது வாங்களேன்! கீழே காத்தும் இல்லை, வெளிச்சமும் இல்லை. நேத்துதான் குஞ்சு பொரிச்சிருக்கு. பத்து நாள் இப்படியே கிடந்தா ஒண்ணுகூட மிஞ்சாது!"

கரையில் நின்ற விலங்குகள் உருகிப்போயின. உடனே தொண்டு செய்ய முடிவெடுத்தன. அதாவது, கூட்டம் போட்டன.

'குட்டை காப்போர் குழு' அங்கேயே பிறந்தது. மயில் தலைவர். நரி செயலாளர். குரங்கு துணைச் செயலாளர். கரடி பாதுகாப்புப் பொறுப்பாளர். மிச்சம் இருந்த எல்லாரும் துணைத் தலைவர்கள். தண்ணீரில் இறங்குவதற்கு மட்டும் ஒரு பதவியும் ஒதுக்கவில்லை.

முதல் நாள் முழுக்க ஒரே விவாதம். தொண்டர்கள் காதில் அடையாளமாகச் செருகுவது புங்கன் இலையா, பூவரசம் இலையா? கடைசியில் பூவரசம் இலை வென்றது. தோற்ற முயல் கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்தது.

இரண்டாம் நாள் நரி எழுந்தது. "தலைவரே! இவ்வளவு பெரிய பணியைச் சும்மா தொடங்க முடியுமா? யானையாரை அழைப்போம். முதல் செடியை அவர் தும்பிக்கையால எடுக்கட்டும். அப்புறம் நாம பார்த்துக்கலாம்!"

"பிரமாதம்!" என்றது மயில். "விழா ஆறாம் நாள்! அதுவரை யாரும் அவசரப்பட வேண்டாம்."

அவசரப்படுகிற ஆள் அந்தக் குழுவில் யார் இருந்தார்கள்?

மூன்றாம் நாள் ஒரு காட்டுப்பன்றி தண்ணீர் குடிக்க வந்தது. அதற்குக் குழு அமைந்த செய்தியே தெரியாது. சேற்றில் புரள்கிற ஆளை யார் அழைப்பார்கள்? கெண்டை சொன்னதைக் கேட்டதும் குட்டையில் இறங்கிவிட்டது. மூக்கால் முட்டியது. பல்லால் கடித்து இழுத்தது. பிடுங்கிய செடிகளைக் கரையில் குவித்தது. மூன்று நாள் வேறு வேலை பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் வெயில் குட்டையின் அடிமண்வரை இறங்கியது.

"அண்ணே, பிள்ளைங்க துள்ளுறதைப் பாருங்க!" என்றது கெண்டை. முந்நூறு குஞ்சுகள் வெளிச்சத்தில் மின்னின. பன்றிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டே நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பந்தல் போட இடம் பார்க்கக் குழு வந்து சேர்ந்தது.

"ஐயோ! போச்சு, எல்லாம் போச்சு!" என்று குரங்கு தலையில் அடித்துக்கொண்டது.

"யார் செஞ்ச அக்கிரமம் இது?" என்று நரி சீறியது.

"நான்தாங்க," என்றது பன்றி.

"நீ உறுப்பினரா?"

"இல்லைங்க."

"காதுல இலை எங்கே?"

"இலை இல்லைங்க. செடிதான் இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"நாளைக்கு யானையார் வந்து எதை எடுப்பார்? உன் வாலையா?" என்று மயில் அகவியது.

பிறகு குழு ஒரு காரியம் செய்தது. கரையில் குவிந்திருந்த செடிகளை அள்ளி அள்ளிக் குட்டையில் போட்டது. இடுப்பு ஒடிய, நாக்குத் தள்ள உழைத்தது. வெளிநடப்பு செய்த முயல்கூட ஓடி வந்து கைகொடுத்தது. குழு வியர்வை சிந்தியது அந்த ஒரு நாள்தான்.

"வேண்டாங்க! பிள்ளைங்க செத்துடும்!" என்று கெண்டை கதறியது.

"ஒரு நாள்தானே, பொறுத்துக்க! உனக்காகத்தானே இவ்வளவு பாடுபடுறோம்!" என்றது நரி.

மறுநாள் யானை வரவில்லை. கரும்புத் தோட்டத்துப் பக்கம் வேலையாம். அதற்கடுத்த நாளும் வரவில்லை. வெயிலில் வதங்கிய செடிகள் பாதி அழுகின, பாதி தழைத்தன. பன்றி இரண்டு முறை இறங்கப் பார்த்தது. இரண்டு முறையும் கரடி துரத்தி அடித்தது. விழா முடியும்வரை ஒரு செடிக்கும் சேதம் வரக்கூடாது என்று அதற்கு உத்தரவு. களையைக் காவல் காத்த முதல் தொண்டன் அந்தக் கரடியாகத்தான் இருக்கும்.

பத்தாம் நாள் யானை வந்தது. மாலை போட்டார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை எல்லாம் நடந்தன. பிறகு யானை தும்பிக்கையை நீட்டி ஒரு செடியைத் தூக்கியது. கைத்தட்டல் காட்டைப் பிளந்தது.

தூக்கிய இடத்தில் குஞ்சு மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன.

கைத்தட்டல் நின்றது. கெண்டை மெல்ல மேலே வந்தது.

நரி குனிந்து கிசுகிசுத்தது. "நன்றியுரை உனக்குத்தான் போட்டிருக்கு. நாலு வார்த்தை சுருக்கமாச் சொல்லு."

"அஞ்சு நாளைக்கு முன்னாடி என் பிள்ளைங்க பிழைச்சிடுச்சுங்க," என்றது கெண்டை. "அப்புறம் நீங்க காப்பாத்த வந்தீங்க."

யானை கழுத்து மாலையைக் கழற்றிக் கீழே போட்டது. பன்றி அதற்குள் கரடியைத் தாண்டித் தண்ணீரில் இறங்கியிருந்தது. யானையும் பின்னாலேயே இறங்கியது. பொழுது சாய்வதற்குள் குட்டை சுத்தமானது. கடைசிச் செடியின் வேரடியில் உயிரோடு ஒண்டியிருந்தவை பதினொரு குஞ்சுகள்.

குழு மட்டும் கரையிலேயே இருந்தது. இரங்கல் கூட்டத்துக்கு யார் தலைமை தாங்குவது என்பதில் அது இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

நீதி: பொதுத்தொண்டுக்கு வருகிறவர் முதலில் தண்ணீரில் இறங்க வேண்டும்; இறங்க மனமில்லாவிட்டால், இறங்கியவருக்குக் குறுக்கே நிற்காமல் இருப்பதே அவர் செய்யக்கூடிய பெரிய தொண்டு.