மதினியின் சேலை

பொதிகை மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். உலகம்மை என்ற துறவி அதை நடத்தி வந்தார். அவருடைய சீடர் ஆவுடையப்பன் வயதில் அவரைவிட மூத்தவர், ஒரு காலத்தில் இரும்புக்கடை வைத்திருந்தவர். ஒருநாள் கோபம் கண்ணை மறைக்க, கல்யாணமான மகனைக் கடைவாசலில் நாலுபேர் பார்க்கக் கைநீட்டி அடித்துவிட்டார். அந்த வெட்கத்தில்தான் மடத்துக்கு வந்தார்.

வீட்டுக்கு வரச்சொல்லி மகன் ஆள்மேல் ஆள் அனுப்பினான்.

"கோபம் முழுசாப் போகட்டும். அப்புறம் வர்றேன்னு சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

"எப்ப அம்மா போகும்?" என்று குருவிடம் கேட்பார். உலகம்மை பதில் சொன்னதில்லை.

ஒரு பௌர்ணமி அன்னதானத்தில் அவர் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ அவசரப்படுத்த, வெடுக்கென்று திரும்பினார். வாளி சாய்ந்து, பந்தியில் இருந்த பேச்சித்தாய் என்ற பெண்ணின் மடியில் கொட்டியது. நல்லவேளை, சூடு ஆறியிருந்தது.

பதறிப்போய், அவள் மாற்றிக்கொள்ள உலகம்மையிடம் ஒரு காவிச் சேலை வாங்கிக் கொடுத்தார். கறைபட்ட சேலையை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். ஊதாக் கரை போட்ட பால் நிற நூல் சேலை. சோப்புக்கட்டியை வைத்துத் தேய் தேயென்று தேய்த்தார். சாம்பாரின் மஞ்சள் கறை, சோப்பின் காரம் பட்டு ரத்தச் சிவப்பாக மாறியது. இன்னும் அழுத்தித் தேய்த்தார். இன்னும் சிவந்தது.

பேச்சித்தாய் வந்து பார்த்தாள். அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க மதினி சேலை, அண்ணாச்சி. அண்ணன் பொஞ்சாதியாச்சேன்னு இரவல் வாங்கிக் கட்டிட்டு வந்தேன். நாளைக்கு மக வீட்டுல பேரனுக்குப் பேர் வைக்காவ, சாயந்தரம் பஸ் ஏறணும். ரத்தம் மாதிரி இருக்கிறதை உடுத்திக்கிட்டு எப்படிப் போவேன்?"

"ஜவுளிக்கடை பக்கத்துலதான். புதுசே எடுத்துத் தர்றேன்."

"மதினிக்கு என்ன பதில் சொல்ல?"

அதற்குள் உலகம்மை வந்தார். வெற்றிலைக் கறைக்குப் புளித்த தயிர், மைக்கறைக்குப் பால், துருக்கறைக்கு உப்பும் எலுமிச்சையும் என்று எந்தக் கறைக்கும் அவர் போவது சமையலறைக்குத்தான். சேலையைச் சோப்பு போக அலசினார். எண்ணெய்ப் பிசுக்குக்குக் கடலை மாவைக் குழைத்துப் பூசிக் கழுவினார். பிறகு எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்தார். சிவப்பு அடங்கி மஞ்சள் தெரிந்தது.

"போகலையே அம்மா" என்றார் ஆவுடையப்பன்.

"நீங்க தேய்க்கிறதுக்கு முந்தி இருந்த மாதிரி ஆயிருக்கு."

மறுபடி அலசி, கறை மேலே தெரியும்படி வெயிலில் கொடியில் விரித்துக் கவ்வி மாட்டினார்.

"இனி நான் என்ன செய்ய?"

"சேலையை வெயில் பாத்துக்கும். அந்தம்மா தனியா இருக்காங்க. பக்கத்துல போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தார். சேலைப் பக்கம் பார்ப்பதும் பார்வையைத் திருப்புவதுமாக இருந்தார். பேச்சித்தாய்தான் முதலில் பேசினாள்.

"மக அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டா. தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்துனேன், அண்ணாச்சி. வெளங்கமாட்டேன்னு சொன்னேன். பெத்த வாய்தான்."

"இப்பக் கோபம் போயிருச்சா?"

"எங்க போச்சு? மருமவன் முகத்தைப் பார்த்தா சுருக்குன்னுதான் இருக்கும். ஆனா பிள்ளை பிறந்துட்டானே."

"மக மறந்திருப்பாளா?"

"நானே மறக்கலை. அவ எப்படி மறப்பா? வான்னு கூப்பிட்டா. போறேன்."

ஆவுடையப்பன் அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "நான் என் மகனை அடிச்சுட்டேன், தாயி. பேரப்பிள்ளைக எல்லாம் பார்த்துக்கிட்டு நின்னுச்சு" என்றார். குருவைத் தவிர யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

பேச்சித்தாய் அவரைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வெயில் சாயும்போது மஞ்சள் நன்றாக வெளுத்திருந்தது. தெரிந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு தடம் மிச்சம் இருந்தது. பேச்சித்தாய் சேலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அந்த இடம் கொசுவத்துக்குள் போகும்படி உடுத்திக்கொண்டு வந்தாள்.

"மதினிகிட்ட நடந்ததைச் சொல்லிக்கிடுதேன். பஸ் வந்துரும். வாறேன், அண்ணாச்சி."

பஸ் கிளம்பும்வரை ஆவுடையப்பன் வாசலில் நின்றார். திரும்பி வந்தபோது உலகம்மை வெறுங்கொடியிலிருந்து கவ்விகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"முழுசாப் போகலை அம்மா. இன்னும் ஒருநாள் வெயில்ல கிடந்திருந்தா போயிருக்கும்."

"போயிருக்கும்" என்றார் உலகம்மை. "அந்தம்மா அதுக்காகக் காத்திருக்கலையே. பேரனைப் பார்க்கப் போயிட்டாங்க."